வெள்ளவத்தை உளவளத்துணை நிலையம் ஒன்று: ஒரு மதிப்பீடு

பாலியல் வன்முறைக்கு உள்ளான உறவுக்காரப் பெண் ஒருவருக்குத் துணையாகச் சென்றுவந்த அனுபவத்தைக் கொண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இயங்கும் உளவளத்துணை நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன்; அவரை இனங்காட்டிவிடக் கூடாது என்பதற்காக நிலையத்தின் பெயரையும் தவிர்க்கிறேன்.

அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய், ஏன் கத்தவில்லை, இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று வீட்டில் ஆளுக்காள் கேட்டுக் களைக்கவைத்த எந்தக் கேள்வியையும் உளவளத்துணையாளர் முதற் சந்திப்பில் கேட்கவில்லை. நடந்தது பொய் என்று வீட்டார் ஒருநாளும் சொன்னதில்லை. "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்பார்கள். கலியாணப் பேச்சு நடக்கும்போது இதைக் கதைக்க வேண்டாம் என்பார்கள். நாகரிகமான இந்த மறுப்புத்தான் அவரைத் தன் ஞாபகத்தையே சந்தேகிக்க வைத்து, நித்திரையையும் வேலைக்குப் போகும் துணிவையும் பறித்திருந்தது. பேரச்சத்தில் உடல் உறைந்துபோவது இயல்பு என்று விளக்கிய உளவளத்துணையாளர், சம்மதமின்மையை நிரூபிக்க உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் அத்தியாவசியமில்லை என்று தண்டனைச் சட்டக்கோவையின் 1995 ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். எங்கள் வரவேற்பறைகளுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

பொலிஸில் முறையிடும்படி யாரும் வற்புறுத்தவில்லை. முறையிட விரும்பினால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை எப்படி நடக்கும் என்பதை மட்டும் பொறுமையாகச் சொன்னார்கள்.

குறைகளில் முதன்மையானது காத்திருக்கும் இடம். கதிரைகள் கண்ணாடிக் கதவுக்கு நேரே, ஒழுங்கையில் போகிறவர்கள் பார்க்கும்படி இருக்கின்றன. வெள்ளவத்தையில் யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் பாரம் புரியும். போதாததற்கு, வரவேற்பாளர் முழுப் பெயரையும் உரத்துக் கூப்பிடுகிறார். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வில், துணைவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வெட்கத்தாலும், பழிக்கப்படுவோம், நம்பப்படமாட்டோம் என்ற அச்சத்தாலும் முறையான உதவியை நாடவில்லை என்று பதிவாகியிருக்கிறது. அத்தகைய அச்சத்தோடு வாசல்வரை வந்துவிட்ட ஒருவரை இந்தக் கதிரைகளே திருப்பி அனுப்பிவிடக்கூடும். வளர்ந்த பெண்ணிடம் பாதுகாவலரின் பெயரைக் கேட்கும் படிவத்தையும் மாற்ற வேண்டும்.

தமிழ் பேசும் உளவளத்துணையாளர் எல்லா நாட்களிலும் வருவதில்லை. மற்றைய நாட்களில் மொழிபெயர்ப்பாளர் என்ற மூன்றாம் ஆளின் முன்னிலையில் பேச வேண்டியிருக்கும். கட்டணம் வருமானத்துக்கேற்பக் குறைக்கப்படுகிறது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. இரவில் நிலையம் பூட்டியிருக்கும் என்பதால், அவசரத்துக்கு அரசின் மகளிர் உதவித் தொலைபேசி இலக்கமான 1938 ஐ அழைக்கலாம். போக நினைப்பவர்கள் தமிழ் உளவளத்துணையாளர் வரும் நாளை முன்கூட்டியே விசாரித்து, காலையின் முதல் நேரத்தைப் பதிவு செய்துகொண்டால், அந்தக் கதிரைகளில் அமர வேண்டியிருக்காது.