டிஜே கன்ட்ரோலர் வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

"எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்ணா?" என்று கேட்டு வரும் தம்பிகள் எல்லோரும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். கன்ட்ரோலர் என்பது லேப்டாப்பில் ஓடும் டிஜே சாஃப்ட்வேரைக் கையால் இயக்கும் பெட்டி. அதை மேலிருந்து எடுத்த படம். கலர் கலராக எரியும் பேட், நடுவில் எஃபெக்ட் பட்டன்கள், இரண்டு பக்கமும் பளபளக்கும் ஜாக் வீல், அதாவது பாட்டைக் கையால் தள்ளவும் நிறுத்தவும் உதவும் வட்டத் தட்டு. பின்பக்கத்தை ஒருவரும் அனுப்பியதில்லை. மண்டபத்தில் அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பின்பக்கம்தான் தீர்மானிக்கிறது. அதற்கு அடுத்து ஜாக் வீலும், பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டெம்போ ஃபேடரும். பிறகு சாஃப்ட்வேர். பேட் எத்தனை, லைட் எத்தனை என்பதெல்லாம் கடைசி.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கல்யாண ரிசப்ஷன்களுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் சில ஆண்டுகளாக டிஜே செய்கிறேன். அன்றாட வேலைக்குப் பயோனியர் டிஜேவின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4. பெரிய மேடை என்றால் அதே நிறுவனத்தின் பழைய டிடிஜே-1000. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கடையில் தேடும்போது குழம்ப வேண்டாம்: நிறுவனத்தின் பெயர் 2020-லேயே ஆல்ஃபாதீட்டா என்று மாறிவிட்டது, புதிய மாடல்கள் சில அந்தப் பெயரிலேயே வருகின்றன.

பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். எஃப்எல்எக்ஸ்4-இல் மாஸ்டர் அவுட்புட் (மெயின் ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு) ஒரு ஜோடி ஆர்சிஏ சாக்கெட் மட்டும். நமக்குப் பக்கத்தில் வைக்கும் ஸ்பீக்கருக்கான பூத் அவுட்புட் கிடையாது. மைக்குக்கு ஒரே ஒரு 6.3 மி.மீ. சாக்கெட். எடை 2.1 கிலோ, யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பழகுவதற்கு இது தாராளம். மண்டபத்தில் கதை வேறு. சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்ஸர் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். நமக்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. நடுவில் சீரியல் லைட், எல்இடி சுவர், ஜெனரேட்டர் கேபிள் எல்லாம் ஓடும். ஆர்சிஏ என்பது அன்பேலன்ஸ்டு லைன்: ஒரு சிக்னல் கம்பி, அதைச் சுற்றி ஒரு ஷீல்டு, அவ்வளவுதான். நான்கைந்து மீட்டருக்கு மேல் இழுத்தால் வழியில் இருக்கிற இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் இணைப்பு பேலன்ஸ்டு லைன். அதில் ஒரே சிக்னல் நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் போகிறது. மறுமுனையில் மிக்ஸர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. வழியில் இரண்டிலும் ஒரே அளவில் ஒட்டிய இரைச்சல் அங்கே அடிபட்டுப் போகும், பாட்டு மட்டும் நிற்கும்.

டிடிஜே-1000-இல் மாஸ்டருக்கு எக்ஸ்எல்ஆரும் ஆர்சிஏவும் உண்டு. பூத் அவுட்புட் தனியாக உண்டு. மைக் இரண்டு போடலாம், அவற்றுக்கு ஈக்யூவும் (பேஸ், ட்ரெபிளைச் சரிசெய்யும் குமிழ்கள்) இருக்கிறது. கல்யாணத்தில் மைக் எவ்வளவு முக்கியம் என்று டிஜே செய்தவர்களுக்குத் தெரியும். தாய்மாமன் பேசுவார், மாப்பிள்ளையின் நண்பர்கள் பேசுவார்கள், கேட்டரிங்காரர் "பந்தி ரெடிங்க" என்று சொல்லச் சொல்வார்.

சின்னப் பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால் கவலைப்பட வேண்டாம். ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (அன்பேலன்ஸ்டு சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி) வாங்குங்கள், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற வகையாகப் பார்த்து. கன்ட்ரோலரிலிருந்து அதற்குச் சின்ன ஆர்சிஏ கேபிள், அதிலிருந்து மிக்ஸர் வரைக்கும் நீள எக்ஸ்எல்ஆர். இரைச்சலோடு இன்னொரு தொல்லையும் இதில் தீரும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" என்று ஓடும், சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். அது கிரவுண்ட் லூப். லேப்டாப்புக்கு ஓர் எர்த், சவுண்டு சிஸ்டத்துக்கு ஓர் எர்த் என்று இரண்டு வழி இருப்பதால் கேபிளின் ஷீல்டு வழியாகக் கரண்ட் ஓடுகிறது. டிஐ பாக்ஸின் டிரான்ஸ்ஃபார்மர் அந்த இணைப்பை அறுத்துவிடும். சார்ஜரின் எர்த் பின்னை உடைத்தால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மைக்கைப் பிடித்திருக்கிற மனிதரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

பூத் அவுட்புட் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மெயின் ஸ்பீக்கர் 15 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் நம் காதுக்கு 44 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். ஹெட்போனில் கேட்கும் அடுத்த பாட்டோ உடனே வருகிறது. ஹெட்போனில் ஒரு காது, மண்டபத்தில் ஒரு காது வைத்து பீட்டைச் சேர்த்தால் நமக்குச் சரியாகக் கேட்கும், ஆடுகிறவர்களுக்கு இரட்டை அடியாகக் கேட்கும். பக்கத்தில் நமக்கென்று ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதன் வால்யூமைத் தனியாகக் கூட்டிக் குறைக்கத்தான் பூத். அது இல்லாத பெட்டியில் நான் ஹெட்போனின் கியூ மிக்ஸ் குமிழைத் திருப்பி, ஓடுகிற பாட்டையும் வரப்போகிற பாட்டையும் ஹெட்போனிலேயே சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு சேனல் (ஒரே நேரத்தில் நான்கு பாட்டைக் கலக்கும் வசதி), பெரிய ஜாக் வீல் என்று பார்வைக்குப் பிரம்மாண்டமாக இருக்கிற டிடிஜே-எஃப்எல்எக்ஸ்6-இலும் மாஸ்டர் ஆர்சிஏ மட்டுமே. பெட்டியின் அகலத்தைப் பார்த்துப் பின்பக்கத்தை ஊகிக்க முடியாது.

இனி ஜாக் வீலும் டெம்போ ஃபேடரும். வெளிநாட்டு ரிவ்யூக்கள் பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ போன்ற நாலடித் தாளப் பாட்டுகளை வைத்து எழுதப்படுகின்றன. அங்கே இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒன்றாக்கும் சிங்க் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. நம் ஊர்க் குத்துப் பாட்டு ஏராளமாக ஆறெட்டுத் தாளத்தில் இருக்கிறது. ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) இரண்டு பெரிய அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சின்ன அடி. சாஃப்ட்வேர் நாலடியை எதிர்பார்த்துத் தேடுவதால் இங்கே அடிக்கடி தடுமாறும். காலில் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி) ஆடுகிற பாட்டை 150 என்று காட்டும். ஆறு சின்ன அடியை மூன்று மூன்றாகப் பிரிப்பதற்குப் பதில் இரண்டு இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

இது வெறும் எண் பிரச்சினை இல்லை. 100-இல் ஒரு அடி 0.6 நொடி. இரண்டு அடி சேர்ந்த ஒரு பார் 1.2 நொடி. நான்கடி லூப் போட்டால், அதாவது அந்த நான்கடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், 2.4 நொடி, சரியாக இரண்டு பார். பறை அடி சுத்தமாகச் சுழலும். சாஃப்ட்வேர் 150 என்று எடுத்திருந்தால் நான்கடி லூப் 1.6 நொடிதான் வரும். பாரின் நடுவில் வெட்டும். ஆடிக்கொண்டிருக்கிறவர்களின் கால் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். எக்கோவும் அதே பிபிஎம்மைப் பார்த்துத்தான் இடைவெளியைக் கணக்கிடுகிறது, அதுவும் தாளத்துக்குக் குறுக்கே விழும். எஃப்எல்எக்ஸ்4-இன் ஸ்மார்ட் ஃபேடர் என்பது, ஃபேடரை நகர்த்தும்போதே டெம்போவையும் பேஸையும் தானாகச் சரிசெய்யும் வசதி. கிளப் பாட்டுகளுக்கு அருமை. ஆறெட்டிலிருந்து நாலடிக்குத் தாவும்போது நான் அதை அணைத்துவிடுகிறேன்.

ஆகவே வீட்டிலேயே உட்கார்ந்து குத்துப் பாட்டுகளின் பிபிஎம்மைக் கையால் திருத்துவது என் வழக்கம். காலால் தட்டிப் பார்த்து எண்ணை மாற்றுவேன், முதல் அடி எங்கே விழுகிறது என்று பார்த்து கிரிடை (அடிகளின் இடத்தைக் காட்டும் கோடுகளை) நகர்த்துவேன், பறையோ தவிலோ தனியாக நிற்கும் இடத்தில், ஒரே தட்டில் அங்கே தாவ ஹாட் கியூ வைப்பேன். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்த பாட்டுப் பட்டியல்தான் என் உண்மையான சொத்து, பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய பாட்டுகளில் இன்னொரு சவால். எழுபது எண்பதுகளில் முழு இசைக்குழுவும் உட்கார்ந்து வாசித்துப் பதிவான பாட்டுகளில் டெம்போ ஒரே சீராக நிற்பதில்லை. பல்லவியில் ஒரு வேகம், சரணம் முடியும்போது சற்றே கூடியிருக்கும். அதுதான் அந்தப் பாட்டுகளின் உயிர். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேரில் டிராக்கை அலசும்போது 'டைனமிக்' முறையைத் தேர்ந்தெடுத்தால் கிரிட் ஓரளவு கூடவே போகும். இன்னொரு சாஃப்ட்வேரான செராட்டோவில் நடுநடுவே மார்க்கர் வைத்து கிரிடை வளைக்கலாம். எது செய்தாலும் கடைசியில் விரலால் ஜாக் வீலின் ஓரத்தை லேசாகத் தள்ளியும் இழுத்தும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேதான் ஜாக் வீலின் அளவு முக்கியமாகிறது. டிடிஜே-1000-இன் வீல் முழு அளவு. ஒரு நூலளவு தள்ள முடியும். எஃப்எல்எக்ஸ்4-இன் சின்ன வீலில் அதே நுணுக்கத்துக்கு விரல் பழக வேண்டும், பழகும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஹெர்குலிஸின் இன்பல்ஸ் வரிசையையும் பார்க்கலாம். எந்தப் பக்கம் தள்ள வேண்டும், டெம்போவைக் கூட்டவா குறைக்கவா என்று சின்ன விளக்குகள் வழிகாட்டும். காதைப் பழக்கிக்கொள்ள நல்ல ஏற்பாடு. பழகியபின் விளக்கை அணைத்துவிடலாம்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்எல்எக்ஸ்4-ஐச் செருகினால் ரெக்கார்ட்பாக்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதி (நேரடியாக டிஜே செய்யும் பகுதி) இலவசமாகத் திறக்கும். செராட்டோ டிஜே லைட்டும் ஓடும், ஆனால் அதன் புரோ பதிப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிடிஜே-1000 ரெக்கார்ட்பாக்ஸுக்கான பெட்டி, செராட்டோவுக்கு என்று எஸ்ஆர்டி என்ற தனி மாடல் வந்தது. பெரிய ஹோட்டல் கிளப்புகளில் வாசிக்கும் ஆசை இருந்தால் ரெக்கார்ட்பாக்ஸ் பக்கம் நிற்பது நல்லது. அதில் தயார் செய்த பட்டியலைப் பென்டிரைவில் ஏற்றி, கிளப்புகளில் இருக்கும் சிடிஜே பிளேயரில் அப்படியே செருகலாம், ஹாட் கியூவெல்லாம் கூடவே வரும்.

லேப்டாப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். விண்டோஸ் என்றால் நிறுவனத்தின் ஏஎஸ்ஐஓ டிரைவரை (ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) கட்டாயம் போடுங்கள். பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் வைத்தால் அந்தப் பஃபரால் வரும் தாமதம் சுமார் 11.6 மில்லிசெகண்ட். 256 வைத்தால் அதில் பாதி. ஸ்கிராட்ச் செய்யாதவர்களுக்கு 512 போதும். பழைய லேப்டாப்பில் 256-க்கு இறக்கினால் நடுவில் பாட்டு கொரகொரக்கும். யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் பெட்டியை ஹப்பில் செருகாதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர்தான், அதை ஹார்ட் டிஸ்கோடு பங்கு போட்டால் கன்ட்ரோலர் பாட்டின் நடுவில் கழன்றுகொள்ளும். குரலையும் இசையையும் பிரிக்கிற ஸ்டெம்ஸ் வசதிக்கு வலுவான பிராசசர் வேண்டும். நம் பாட்டுகளில் நாதஸ்வரம் பல நேரம் குரலோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது, அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள் உழைப்பில் முதலில் தேய்வது சேனல் ஃபேடர்கள். கிராமத்துத் திருவிழா மைதானத்தில் ஒரு இரவு வாசித்தாலே புழுதி உள்ளே போய்விடும். வாசிக்காத நேரத்தில் மேலே மூடி போட்டு வைப்பதுதான் மலிவான வைத்தியம். இறுகிவிட்டால் ஃபேடருக்கென்றே விற்கிற கிளீனர் ஸ்ப்ரே இருக்கிறது, கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது. யூஎஸ்பி சாக்கெட்டில் கேபிள் தொங்கி இழுபடாமல் மேசைக் காலில் ஒரு டேப் சுற்றுங்கள். என் முதல் கன்ட்ரோலர், வேறு நிறுவனத்தினுடையது, அந்தச் சாக்கெட் ஆட்டம் கண்டுதான் ஓய்ந்தது.

இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு. கற்றுக்கொள்ளவும் சின்ன நிகழ்ச்சிகளுக்கும் எஃப்எல்எக்ஸ்4-ஐ மனதாரச் சொல்வேன், டிஐ பாக்ஸையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். கல்யாண வேலையையே தொழிலாக எடுக்கிறவர்கள் எக்ஸ்எல்ஆர், பூத், மைக் ஈக்யூ மூன்றும் ஒருசேர இல்லாத பெட்டிக்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். டிடிஜே-800 இரண்டு சேனல்தான், ஆனால் எக்ஸ்எல்ஆரும் பூத்தும் உண்டு. பழையதாகக் கிடைத்தால் நல்ல வாய்ப்பு. 2023-இல் வந்த எஃப்எல்எக்ஸ்10 ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ இரண்டையும் திறக்கும், மேடை விளக்குகளுக்கு டிஎம்எக்ஸ் அவுட்புட்டும் வைத்திருக்கிறது. விலை எஃப்எல்எக்ஸ்4-ஐப் போலப் பல மடங்கு. லைட்டிங்கையும் சேர்த்து எடுத்துச் செய்கிறவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

பழைய பெட்டி வாங்கப் போகும்போது உங்கள் லேப்டாப்பையும், உங்கள் ஹெட்போனையும், கிரிட் திருத்திய ஒரு குத்துப் பாட்டையும் கொண்டுபோங்கள். பாட்டை மெதுவான சத்தத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு ஃபேடரையும் கீழிருந்து மேலே நிதானமாக நகர்த்துங்கள். திரையில் உள்ள ஃபேடர் எங்கேயாவது துள்ளுகிறதா, சத்தம் விட்டு விட்டு வருகிறதா என்று பாருங்கள். ஜாக் வீலின் மேல்பக்கத்தை ஈரக்கையாலும் உலர்ந்த கையாலும் தொட்டுப் பாருங்கள், இரண்டிலும் பாட்டு உடனே நிற்க வேண்டும். ஹெட்போன் பின்னைச் செருகியபடி லேசாகத் திருப்புங்கள். ஒரு காது அணைந்தால் சாக்கெட் போய்விட்டது, அதற்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.