அம்மாவின் சோப்புக் கட்டும் என் கூப்பனும்

தள்ளுபடிப் பலகையைக் கண்டால் கால் தானாக நிற்பது, அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து. ஆனால் வழி வேறு.

அம்மா ‘3 வாங்கினால் 1 இலவசம்’ சோப்புக் கட்டைத்தான் எடுப்பார். கணக்குப் போட்டால் 25 சதவீதக் கழிவு. உறையைப் பிரித்து பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுவார். துணி மணக்கும், சோப்பும் காய்ந்து இறுகி, மெதுவாகக் கரையும்.

நான் செல்போனில் கூப்பன் தேடுகிறவள். ‘500 ரூபாய்க்கு வாங்கினால் 100 கழிவு.’ எனக்குத் தேவைப்பட்டதோ 380 ரூபாய்ச் சாமான். மேலும் 120க்கு முறுக்கும் சாக்லேட்டும் சேர்த்து 400 கட்டினேன்.

மாத மளிகைக்குக் கூப்பன் சரி. சில்லறைச் சாமானுக்கு அம்மா வழிதான்.

“அப்போ 20 ரூபா கூடத்தானேடி குடுத்திருக்கே?” என்றார் அம்மா, முறுக்கைக் கடித்தபடி. அதுவும் நமுத்துப்போயிருந்தது.