வெல்லெஸ்லி ஐலண்ட் ஸ்டேட் பார்க்: ரெண்டு நைட் டென்ட் போட்ட அனுபவம்

நியூயார்க் ஸ்டேட் - கனடா பார்டர்ல இருக்குற தவுசண்ட் ஐலண்ட்ஸ் போறவங்க நிறைய பேர் அலெக்ஸாண்ட்ரியா பேல போட் ஏறி போல்ட் காஸில பாத்து போட்டோ எடுத்துட்டு அன்னைக்கே கிளம்பிடுறாங்க, நாங்களும் முன்னாடி ரெண்டு தடவ அப்படித்தான் போயிட்டு வந்தோம், இந்த தடவதான் செயின்ட் லாரன்ஸ் நதிக்கு நடுவுல இருக்குற வெல்லெஸ்லி ஐலண்ட் பார்க்லயே ரெண்டு நைட் தங்குனோம். இத்தன நாள் இத விட்டுட்டோமேன்னு ஆயிடுச்சு.

தீவுதான், ஆனா போட் வேண்டாம், 1938ல தொறந்த பாலம் இருக்கு, வண்டியிலயே போயிடலாம். கனடாவுல இருந்து வர்றவங்க பார்டர் தாண்டணும், பாஸ்போர்ட் வேணும். புக்கிங் 9 மாசம் முன்னாடியே ஓப்பன் ஆயிடுது, தண்ணி ஓரமா சைட் வேணும்னா அப்பவே பாத்து போட்டுடுங்க. விறகு வீட்ல இருந்து தூக்கிட்டு போகாதீங்க, நியூயார்க் ஸ்டேட்ல சூடு பண்ணி பூச்சிய கொல்லாத சும்மா வெட்டுன விறக 50 மைலுக்கு மேல கொண்டு போகக்கூடாது, மரத்த அரிக்கிற பூச்சி அதோட ஒட்டிட்டு வந்துடும்னுதான் அந்த ரூல்.

டென்ட் முளை அடிச்சா நாலு விரக்கட மண்ணுக்கு கீழ டங்குனு பாறை. கனடாவோட ரொம்ப பழைய பாறை இந்த நதிய குறுக்க தாண்டி அடிராண்டாக் மலையோட சேர்ற எடம் இது, இந்த தீவுங்க எல்லாமே அந்த பாறை மேட்டோட தலைங்கதான். அதனால பெரிய கல்லா தேடி கயித்த அதுல கட்டுனோம், நல்லா நின்னுச்சு. எக்ஸ்ட்ரா கயிறு எடுத்துட்டு போங்க.

பார்க்குள்ளயே மின்னா அந்தோணி காமன் நேச்சர் சென்டர்னு இருக்கு, ட்ரெயில் எல்லாம் அங்க இருந்துதான். ஈல் பே ஓரமா போற ட்ரெயில கண்டிப்பா நடங்க. பாறையில ஆட்டுக்கல் குழி மாதிரியே வழவழன்னு குழிங்க இருக்கு, பனிப்பாறை உருகி ஓடுன தண்ணி கல்லயும் மண்ணயும் உள்ள போட்டு சுழட்டி அரைச்சே உண்டானது, கைய விட்டு தடவிப் பாத்தேன், எழுந்து வர மனசே வரல. உண்ணி உண்டு, ஃபுல் பேன்ட் போட்டுக்குங்க, திரும்பி வந்ததும் குழந்தைங்க கால், கழுத்தெல்லாம் பாத்துடுங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது பில் ஜான்ஸ்டன் கத, கனடாவுல பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்தவங்க பக்கம் நின்ன ஆளு. இந்த தீவுக்கு அப்ப வெல்ஸ் ஐலண்ட்னு பேரு. 1837 கடைசியில நயாகரா பக்கம் அந்த கலகக்காரங்களுக்கு சாமான் கொண்டுபோன கரோலைன்ங்கிற அமெரிக்க கப்பல பிரிட்டிஷ் ஆளுங்க கொளுத்திட்டாங்க, அதுக்கு பதிலடியா 1838 மே மாசம் ஒரு ராத்திரி, விறகு ஏத்த இந்த தீவுல நின்ன சர் ராபர்ட் பீல்ங்கிற பிரிட்டிஷ் கப்பல்ல ஜான்ஸ்டன் தன் ஆளுங்களோட ஏறி, பயணிங்கள கரையில இறக்கிவிட்டு கப்பல எரிச்சுட்டாரு. அப்புறம் தீவு தீவா ஒளிஞ்சிருந்தப்ப மக கேட்தான் துடுப்பு போட்டு சாப்பாடு கொண்டுபோய் குடுத்திருக்கா. அதே மனுஷன் 1853ல ராக் ஐலண்ட் லைட்ஹவுஸ்க்கு கீப்பரா வந்து, அதே நதியில போற கப்பலுக்கெல்லாம் விளக்கு காட்டியிருக்காரு! ராத்திரி நெருப்பு முன்னாடி உக்காந்து இத சொன்னப்ப பசங்க தூங்கவே மாட்டேன்னுட்டாங்க.

அந்த லைட்ஹவுஸ் தனி தீவுல இருக்கு, போகணும்னா போட் வேணும், எங்களுக்கு நேரம் பத்தல. அடுத்த தடவ மூணு நைட் போட்டு அதுக்கே ஒரு நாள் ஒதுக்கப்போறோம்.