ஹோம்கேர்ள் கஃபே, லாஸ் ஏஞ்சலஸ்: அம்மா கேட்டுப் போன இடம்

தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடற்கரை, ஹாலிவுட் எல்லாம் காட்டி முடித்தாயிற்று. ஒரு நாள் காலையில், "உங்க ஊர்ல ஒரு சாமியார் ஜெயிலுக்குப் போய் வந்த பிள்ளைகளை வச்சு பேக்கரி நடத்துறாராமே, அதைக் காட்டுடா" என்றார். ஊரில் யாரோ பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் 12 வருஷமாக இருக்கிறேன். பெயர் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அம்மா கேட்ட பிறகுதான் முதல்முறை போனேன்.

அந்த பேக்கரியும், அதே அமைப்பு நடத்தும் ஹோம்கேர்ள் கஃபேயும் சைனாடவுனில் இருக்கின்றன. மெட்ரோ ஏ லைனில் சைனாடவுன் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அந்தப் பக்கம் கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட அதுதான் நல்லது.

முதலில் சாப்பாடு. சிலாகீலெஸ் வாங்கினோம். பொரித்த சோள டார்ட்டியா துண்டுகளை சல்சாவில் புரட்டி, மேலே முட்டையும் சீஸும் வைத்துத் தருகிறார்கள். நடுவில் ஊறி மெத்தென்று இருக்கிறது, ஓரங்களில் மொறுமொறுப்பு இன்னும் போகவில்லை. "அப்பளத்தை நொறுக்கிக் குழம்புல போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். குடிக்க, ஏஞ்சலா பெயரில் ஒரு பச்சை ஜூஸ் இருக்கிறது. எலுமிச்சை, புதினாவோடு பசலைக்கீரையையும் சேர்த்து அடிக்கிறார்கள். கீரை என்றதும் தயங்கினேன். ஆனால் வாயில் நிற்பது புதினாதான், கீரை வாசமே இல்லை. வெயில் நாளில் இதற்காகவே போகலாம்.

கடைசியில் கோஞ்சா. மேலே சர்க்கரை மாவில் சிப்பி மாதிரி கோடு போட்ட மெக்சிகோ பன். பக்கத்திலேயே இருக்கும் அவர்களுடைய ஹோம்பாய் பேக்கரியில் சுடுவது. மக்ரூன் தின்று வளர்ந்த ஊர்க்காரருக்கு பேக்கரி விஷயத்தில் குறை கண்டுபிடிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு இன்னும் நான்கு கட்டச் சொன்னார்.

எங்களுக்குப் பரிமாறிய பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கழுத்தில் பச்சை குத்தியிருந்தது. பாதி எழுத்து கருப்பாகவும், பாதி நிறம் வெளுத்தும் தெரிந்தது. அம்மா அதையே பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள். கோபப்படவில்லை. இங்கேயே லேசர் வைத்து இலவசமாக அழிக்கிறார்கள், ஒரே தடவையில் போகாது, பல மாதம் வரவேண்டும் என்று அவளே சொன்னாள். நான் தமிழில் சொன்னதும் அம்மா, "பிள்ளைக்கு வலிக்கலையா?" என்று கேட்டார். குத்தும்போது வலித்ததைவிட அதிகம் என்றாள். உடனே அம்மா சேலையை ஒதுக்கித் தன் முன்கையை நீட்டினார். பத்து வயதில் கோயில் திருவிழாவில் குத்திய பச்சைச் சிலுவை, இப்போது மங்கிப்போய் நரம்பு மாதிரி கிடக்கிறது. அந்தப் பெண் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். "இதை அழிச்சிடாதீங்கன்னு சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

இந்த இடத்தின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு கிரெக் பாயில், 1986இல் டோலோரஸ் மிஷன் என்ற ஆலயத்தின் பங்குக்கு (அந்த ஆலயத்தைச் சேர்ந்த மக்களும் பகுதியும்) பொறுப்பேற்று வந்தார். ஊரிலேயே மிக ஏழ்மையான பங்கு அது. சுற்றிலும் அரசாங்கக் குடியிருப்புகள், தெருவுக்கு ஒரு கும்பல். கும்பல் வன்முறையில் இறந்து, அவர் தன் கையால் அடக்கம் செய்த இளைஞர்கள் மட்டும் 200க்கும் மேல். 1988இல் பங்கு மக்களோடு சேர்ந்து, கும்பலில் இருந்த பையன்களுக்கு வேலை தேடிக் கொடுக்கத் தொடங்கினார். வேலை தர ஆள் கிடைக்காதபோது, வேலையைத் தாங்களே உண்டாக்கினார்கள். 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கலவரத்துக்குப் பிறகு சினிமா தயாரிப்பாளர் ரே ஸ்டார்க் கொடுத்த பணத்தில், கோயிலுக்கு எதிரே மூடிக்கிடந்த பழைய பேக்கரியைத் திறந்தார்கள். அது 1999இல் தீயில் போனது. இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது 2007இல். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே 18 மாதம் சம்பளத்தோடு பயிற்சி. மனநல ஆலோசனையும் படிப்பும் கூடவே நடக்கும். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கும்பல்களைச் சேர்ந்தவர்கள் ஒரே மேஜையில் மாவு பிசைகிறார்கள். காலையில் எல்லோரும் கூடி ஒரு சிந்தனை, ஒரு செபம். உள்ளே வர எந்த மத நிபந்தனையும் கிடையாது.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியமாகப் பட்டது என்றால், கல்லூரி நாட்களில் நானும் சிறைப்பணிக்குப் போனவன். கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் இளைஞர் குழு இளங்கைதிகளைப் பார்க்கப் போகும். கிட்டார், கேக், சோப்பு, பேஸ்ட். ஒரு வருஷம், பாட்டு முடிந்ததும் ஒரு பையன் என்னிடம் வந்தான். "அண்ணே, ஜனவரி கடைசியில ரிலீஸ். வெளிய வந்தா உங்களை எங்க வந்து பார்க்கலாம்?" எனக்குப் பதில் வரவில்லை. ஹாஸ்டல் முகவரியைக் கொடுக்கப் பயமாக இருந்தது. "ஆண்டவர் பார்த்துக்குவார் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம். அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கிரெக் பாயில் இளையோர் காவல் இல்லங்களுக்குப் போய்த் திருப்பலி வைப்பார். முடிந்ததும் பையன்களிடம் தன் அட்டையைக் கொடுத்து, வெளியே வந்ததும் என்னைக் கூப்பிடு, வா என்பார். அந்த அட்டையில் இருக்கும் முகவரியில் உட்கார்ந்துதான் அம்மாவும் நானும் பன் தின்றுகொண்டிருந்தோம். சிறைக்குள் போய்ப் பாடுவதும் செபிப்பதும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு முகம் வந்து பார்ப்பதே பெரிது. ஆனால் கதவு திறந்து அவன் வெளியே வரும் அன்று யார் நிற்பார்கள் என்று யோசிக்காத சிறைப்பணி பாதிப் பணிதான்.

பணத்துக்கு எப்போதும் சிரமம்தான். 2010இல் கையில் காசில்லாமல் ஏறத்தாழ 300 பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது. கஃபேயும் பேக்கரியும் செலவில் ஒரு பகுதியைத்தான் தரும், மீதி நன்கொடை. அதனால் போகிறவர்கள் சாப்பிட்டதோடு நிற்காமல் ஒரு ரொட்டியும் வாங்கி வாருங்கள். நேரம் இருந்தால் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

போன மாதம் இங்குள்ள இளையோர் காவல் இல்லத்தில் தன்னார்வலராகச் சேர லாஸ் ஏஞ்சலஸ் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் வழியாக விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கைரேகை எடுத்துவிட்டார்கள். உள்ளே எதையும் கையில் கொண்டுபோக விடுவார்களோ இல்லையோ, முகவரியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்: 130, மேற்கு புரூனோ தெரு.