போர்ட் செக்யூரிட்டியா 802.1எக்ஸா: மேனேஜ்டு ஸ்விட்ச்ல எதை ஆன் பண்றது

மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாத்த முடியுற நெட்வொர்க் ஸ்விட்ச்) வாங்கி விலேன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள பிரிக்கிற தனித்தனி நெட்வொர்க்) மட்டும் பிரிச்சுட்டு அப்படியே விட்டுடறவங்கதான் ஜாஸ்தி. மெனுல மீதி இருக்குற செக்யூரிட்டி ஐட்டத்துல எதை ஆன் பண்ணலாம்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எதுல பாதுகாப்பு அதிகம்னு பாக்குறது பாதி கணக்குதான், ஒரு போர்ட் பிளாக் ஆகி ஃபோன் வந்தா அதை எடுத்து விடப்போறது யாருங்கறது மீதிப் பாதி. என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன்: எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துலேர்ந்து சர்டிஃபிகேட் (டிஜிட்டல் அடையாளச் சீட்டு) தள்ள வழி இருந்தா 802.1எக்ஸ், அதாவது மெஷின் தன்னை நிரூபிச்சாத்தான் போர்ட் திறக்குற முறை, இல்லன்னா போர்ட் செக்யூரிட்டியை ரெஸ்ட்ரிக்ட் மோடுல வச்சு கூடவே டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (டிஹெச்சிபிங்கறது மெஷினுக்கு ஐபி அட்ரஸ் தானா கொடுக்குறது, அதைக் கண்டவங்க கொடுக்காம பாக்குறதுதான் ஸ்னூப்பிங்).

போர்ட் செக்யூரிட்டி பண்றது சிம்பிள், இந்த போர்ட்ல இத்தனை மேக் அட்ரஸ்தான் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்), அதுக்கு மேல வந்தா வெளிய போ. சிஸ்கோ ஐஓஎஸ்ல சும்மா ஆன் பண்ணி விட்டீங்கன்னா மேக்ஸிமம் 1, மீறினா ஷட்டவுன், இதுதான் டீஃபால்ட். ஐபி ஃபோனுக்குப் பின்னாடி பிசி மாட்டியிருந்தா அந்த 1 பத்தவே பத்தாது, 2 இல்லன்னா 3 குடுக்கணும், இல்லன்னா காலைல எல்லாரும் வந்து பிசியை ஆன் பண்ண ஆன் பண்ண வரிசையா போர்ட் எர்-டிஸேபிள் ஆகி, அதாவது ஸ்விட்ச்சே மூடி வச்சு, நிக்கும். அதுலேர்ந்து தானா வெளிய வரணும்னா ரெக்கவரியைத் தனியா ஆன் பண்ணணும், டீஃபால்ட் டைமர் 300 செகண்ட், அது ஆன்ல இல்லன்னா நீங்களே லாகின் பண்ணி ஷட், நோ ஷட் அடிக்கிறதுதான்.

மூணு மோடு இருக்கு. ப்ரொடெக்ட்டை விட்டுடுங்க, பாக்கெட்டை டிராப் பண்ணும் ஆனா லாக்ல ஒரு வரி வராது, யூசர் நெட் வரலன்னு கத்துவார், நீங்க கேபிளை மாத்தி மாத்திப் பாத்துட்டு இருப்பீங்க. ரெஸ்ட்ரிக்ட்ல டிராப்பும் ஆகும், லாகும் வரும், கவுண்ட்டரும் ஏறும், ஏற்கனவே உள்ள நல்ல மெஷின் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். அதனாலதான் ஷட்டவுனை விட இது எனக்கு ஒத்து வருது.

ஸ்டிக்கி மேக் பத்தி ஒண்ணு சொல்லணும். ஸ்விட்ச் தானா கத்துக்கிட்ட அட்ரஸை ரன்னிங் கான்ஃபிக்ல எழுதிக்கும், ஆனா சேவ் பண்ணாம விட்டா ரீபூட்ல எல்லாம் காலி. சேவ் பண்ணிட்டா வேற தலைவலி, ஒருத்தர் லேப்டாப்பைத் தூக்கிட்டு வேற டேபிளுக்குப் போய் மாட்டினா அதே விலேன்ல ஏற்கனவே இன்னொரு செக்யூர் போர்ட்ல பதிஞ்ச மேக் இங்க வருதேன்னு அதையும் வயலேஷனா எடுத்துக்கும். போதாக்குறைக்கு இப்ப பாதி லேப்டாப்ல நெட்வொர்க் போர்ட்டே கிடையாது, யூஎஸ்பி டாங்கிள்தான், ஸ்விட்ச் பாக்குறது பெரும்பாலும் அந்த டாங்கிளோட மேக். டாங்கிளை அவர்கிட்டேர்ந்து இவர் கடன் வாங்கினார்னா அனுமதியும் கூடவே கை மாறிடுது. மேக்கை மாத்திக்கிறது ஒரு கமாண்டு வேலைங்கறதால, இதை ஆளை அடையாளம் பாக்குற வேலைக்கு நம்பக்கூடாது. இது உண்மையில தடுக்குறது வேற: ரேண்டமா மேக் அட்ரஸைக் கொட்டி, எந்த மேக் எந்த போர்ட்லன்னு ஸ்விட்ச் எழுதி வச்சிருக்குற டேபிளை நிரப்புற தாக்குதல். சின்ன ஸ்விட்ச்ல டேபிள் 8,192 என்ட்ரிதான் இருக்கும், அது நிரம்பிட்டா புதுசா வர்ற மெஷினுக்கான டிராஃபிக்கை எல்லா போர்ட்லயும் தள்ள ஆரம்பிச்சிடும், பக்கத்து போர்ட்ல உக்காந்து கேக்கலாம். மேக்ஸிமம் 3ன்னு வச்சா அந்தக் கதை அங்கயே முடிஞ்சுது.

802.1எக்ஸ் வேற ரகம். 2001ல வந்த ஐஇஇஇ ஸ்டாண்டர்டு. போர்ட் மூடியே இருக்கும், பிசி தன்னை நிரூபிக்கணும், ஸ்விட்ச் அதை ரேடியஸ் சர்வர்கிட்ட (யாரை உள்ள விடலாம்னு முடிவு பண்ற சர்வர்) கேக்கும், சரின்னு பதில் வந்தாத்தான் திறக்கும். பதிலோட விலேன் நம்பரையும் சேத்து அனுப்பலாம்ங்கறதுதான் இதுல பெரிய சுகம், எந்த டேபிள்ல மாட்டினாலும் அக்கவுண்ட்ஸ் ஆள் அக்கவுண்ட்ஸ் விலேன்லதான் விழுவார், போர்ட் போர்ட்டா விலேன் மாத்துற வேலை ஒழிஞ்சுது.

ஆனா இதை ஓட வைக்க என்னென்ன வேணும்னு பாருங்க. விண்டோஸ்ல வயர்டு ஆட்டோ கான்ஃபிக் சர்வீஸ் டீஃபால்ட்டா தானா ஸ்டார்ட் ஆகாது, பாலிசி போட்டு ஆன் பண்ணணும். பாஸ்வேர்டு வச்சே ஓட்டிடலாம்னு பீப் எம்எஸ்சாப்வி2 போட்டவங்களுக்கு விண்டோஸ் 11 22ஹெச்2ல எண்டர்பிரைஸ் எடிஷன்ல கிரெடென்ஷியல் கார்டு (லாகின் விவரத்தைப் பாதுகாக்குற விண்டோஸ் வசதி) டீஃபால்ட்டா ஆன் ஆனப்ப தானா லாகின் ஆகுறது நின்னு போச்சு. ஆகவே புதுசா ஆரம்பிக்கிறவங்க நேரா ஈஏபி-டிஎல்எஸ், அதாவது சர்டிஃபிகேட் வழிக்கே போயிடுங்க. ரேடியஸ் படுத்துட்டா என்ன ஆகும்னு மொதல்லயே முடிவு பண்ணி கிரிட்டிக்கல் விலேன் (ரேடியஸ் பதில் தராதப்ப மெஷினைத் தள்ளி விடுற விலேன்) ஒண்ணு போட்டு வைங்க, இல்லன்னா சர்வர் ரீபூட் ஆகுற நேரத்துல கேபிள் மாட்டுறவங்க எல்லாம் வெளியதான்.

அடுத்தது பிரிண்டர், கேமரா. இதுல பலதுக்கு 802.1எக்ஸ் பேசவே தெரியாது, அதனால மேக்கைப் பாத்தே உள்ள விடுற எம்ஏபி போடணும், ஆக சுத்தி வளைச்சு திரும்ப மேக் அட்ரஸ்கிட்டயே வந்து நிக்கிறோம், அதுவும் பிரிண்டர் பின்னாடி ஸ்டிக்கர்ல அச்சடிச்சு ஒட்டியிருக்குற மேக். இதுல டைமர் வேற இருக்கு, சிஸ்கோல டீஃபால்ட் 30 செகண்டுக்கு ஒரு தடவை மொத்தம் மூணு தடவை கேட்டுட்டுதான் எம்ஏபிக்கு இறங்கும், ஆகக்கூடி 90 செகண்ட், அதுக்குள்ள பிரிண்டர் டிஹெச்சிபி கேட்டுக் கேட்டு சலிச்சுப்போய் 169.254ல ஒரு அட்ரஸை தானே வச்சுக்கும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல இருக்குற அந்த 30 செகண்ட் டிஎக்ஸ் பீரியடை 10க்கு இறக்கினா 30 செகண்ட்ல முடிஞ்சிடும். தூங்கிட்டு இருக்குற பிரிண்டர் ஒரு பாக்கெட்டாவது அனுப்பற வரைக்கும் எம்ஏபி ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, இதுவும் ஞாபகம் இருக்கட்டும். எம்ஏபில வர்றதை எல்லாம் தனி விலேன்ல தள்ளி பிரிண்ட் சர்வர் தவிர வேற எங்கயும் போக முடியாதபடி ஏசிஎல் (எதை விடணும், எதைத் தடுக்கணும்ங்கற பட்டியல்) போட்டாத்தான் இதுக்கு அர்த்தம்.

அதுக்காக 802.1எக்ஸ் இரும்புக் கோட்டைன்னும் நினைக்காதீங்க. கதவு திறக்கும்போது மட்டும்தான் சோதனை. அனுமதி வாங்கின பிசிக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல ஒரு பிரிட்ஜ் பெட்டியைச் செருகி அந்த பிசியோட மேக்லயே பேசினா ஸ்விட்ச்சுக்கு வித்தியாசம் தெரியாது. அதை அடைக்கணும்னா ஒவ்வொரு ஃபிரேமையும் என்கிரிப்ட் பண்ற மேக்செக் வேணும், எல்லா ஆக்சஸ் ஸ்விட்ச்லயும் அது இருக்காது. போடறதுன்னு முடிவு பண்ணா முதல்ல மானிட்டர் மோடு, அதாவது அத்தென்டிகேஷன் ஓப்பன்ல, ஃபெயில் ஆனாலும் உள்ள விடுற மாதிரி ஓட விட்டு லாக்ல யார் யார் ஃபெயில் ஆகுறாங்கன்னு பாருங்க. எதிர்பாக்காத ஐட்டமெல்லாம் வரும், யாரும் கணக்குல வைக்காத பழைய அட்டெண்டன்ஸ் மெஷின் மாதிரி.

டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இந்த ரெண்டுக்கும் போட்டியே இல்ல, எந்தக் கட்சியா இருந்தாலும் போடுங்க. யாராவது வீட்டு ரவுட்டரை லேன் போர்ட் வழியா சொருகினா அது கொடுக்குற அட்ரஸ் அந்த போர்ட்லயே செத்துடும். அப்லிங்கை (உங்க டிஹெச்சிபி சர்வர் பக்கம் போற போர்ட்) டிரஸ்ட் பண்ணிட்டு அப்புறமா ஆன் பண்ணுங்க, வரிசை மாறினா உங்க சொந்த டிஹெச்சிபியே பிளாக். சிஸ்கோ தானா ஆப்ஷன் 82ஐ (கேட்ட மெஷின் எந்த ஸ்விட்ச், எந்த போர்ட்ல இருக்குங்கற விவரம்) சேத்து அனுப்பும், சில டிஹெச்சிபி சர்வர் அதைப் பாத்துட்டு பதிலே தராது, அப்படி ஆனா அந்த ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க. இது மேல டைனமிக் ஆர்ப் இன்ஸ்பெக்ஷன் (ஐபிக்கு எது மேக்னு சொல்ற ஆர்ப் பாக்கெட் பொய்யான்னு பாக்குறது) போடறவங்க, எந்த ஐபி எந்த மேக்குக்குன்னு ஸ்னூப்பிங் எழுதி வைக்கிற பைண்டிங் டேபிளை வெளிய ஒரு ஃபைல்ல சேமிக்கச் சொல்லி வைங்க, ரீபூட் ஆனா டேபிள் காலி, டேபிள் காலின்னா எல்லாரோட ஆர்ப்பும் டிராப்.

லூப்புக்கு (கேபிள் சுத்தி வந்து அதே நெட்வொர்க்ல திரும்ப மாட்டுறது) பிபிடியு கார்டா ஸ்டார்ம் கண்ட்ரோலான்னா ரெண்டும்தான். பிபிடியுங்கறது லூப்பைக் கண்டுபிடிக்க ஸ்விட்ச் அனுப்பற பாக்கெட், ஸ்டார்ம் கண்ட்ரோல்ங்கறது பிராட்காஸ்ட் அளவுக்கு மேல போனா வெட்டுறது. மேஜைக்கு அடியில இருக்குற சாதா ஸ்விட்ச்ல ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் சொருகிட்டா பிபிடியு திரும்பி வந்து பிபிடியு கார்டு போர்ட்டை அடைச்சிடும், ஆனா சில சாதா ஸ்விட்ச் பிபிடியுவையே முழுங்கிடும், அப்ப ஸ்டார்ம் கண்ட்ரோல்தான் துணை. அதுலயும் பர்சென்ட்ல வைக்காதீங்க. கிகாபிட் போர்ட்ல 64 பைட் ஃபிரேம் செகண்டுக்கு 14,88,095 போகும், 1 பர்சென்ட்னு கஞ்சத்தனமா வச்சாலும் கிட்டத்தட்ட 14,880 பிராட்காஸ்ட், விலேன்ல இருக்குற ஒவ்வொரு மெஷினோட சிபியுவும் அதை வாங்கிப் பாக்கணும். ஸ்விட்ச் விட்டா பிபிஎஸ்லயே (செகண்டுக்கு இத்தனை பாக்கெட்னு) வைங்க.

பேண்ட்வித்தைக் கட்டறதுல போலீஸிங்கா ஷேப்பிங்கா, இது சீக்கிரம் முடியுற விஷயம். போலீஸிங் மிச்சத்தை வெட்டிப் போடும், ஷேப்பிங் க்யூல நிறுத்தி மெதுவா விடும். போலீஸிங்ல பர்ஸ்ட் சைஸை (ஒரே மூச்சுல விடுற அளவு) 8,000 பைட்னு விட்டா 1,500 பைட் பாக்கெட் 5 போனதுமே அடுத்தது டிராப் ஆக ஆரம்பிக்கும், 100 எம்பிபிஎஸ் லிமிட் வச்ச லைன்ல டிசிபி அந்த 100ஐத் தொடவே தொடாது, யூசர் லிமிட்டே தப்புன்னு சொல்வார், பர்ஸ்ட்டை ஏத்தினா சரியாகும். பேக்கப் டிராஃபிக்குக்கு ஷேப்பிங் நல்லா இருக்கும், ஆனா ஸ்விட்ச்ல பெரும்பாலும் அது எக்ரஸ் பக்கம்தான், அதாவது ஸ்விட்ச்லேர்ந்து வெளிய போற பக்கம்தான் கிடைக்கும், அதனால பேக்கப் சர்வர் மாட்டின போர்ட்ல தேடாதீங்க, அது வெளிய போற அப்லிங்க் போர்ட்ல அந்த க்யூவுக்கு மட்டும் போடுங்க.