கீமோ நாட்களில் குடும்பத்துக்கும் ஓர் ஆலோசகர்: ஒரு சேவையைப் பற்றிய மதிப்புரை

தென்சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில், நோயாளியையும் குடும்பத்தாரையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தப்படும் மனநல ஆலோசனைச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ அங்கேதான் நடந்தது. முதல் கீமோவுக்கு முன்பே அப்பா, அக்கா, நான் ஆகிய மூவரும் அம்மாவோடு ஆலோசகரின் முன் உட்கார்ந்தோம்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, அங்கே யாரும் அம்மாவிடம் தைரியமாக இருக்கச் சொல்லவில்லை என்பதுதான். "அழணும்னு தோணினா அழுங்கம்மா, அதனால மருந்து வேலை செய்யாமப் போயிடாது" என்று ஆலோசகர் சொன்னபோது அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியை, பழக்கூடையோடு வந்து "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று உபதேசித்துவிட்டுப் போன உறவினர்கள் எவராலும் தர முடிந்ததில்லை. அவர் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தையும் அல்ல. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் தரவுகளைக் கொண்டு 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுடைய மனநிலைக்கும் உயிர்வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. மனத்தளர்ச்சியால் நோய் முற்றிவிடுமோ என்ற குற்றவுணர்ச்சி நீங்கிய பிறகுதான் அம்மா இயல்பாகச் சிரிக்கத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கையை உபதேசிப்பதற்குப் பதிலாக, ஆலோசகர் எங்களுக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு அக்கா மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்று முடிவானது, "எந்த ஸ்டேஜ்?" என்ற கேள்வியும், முள்சீத்தாப் பழம் கீமோவைவிடச் சிறந்தது என்ற வாட்ஸ்அப் செய்தியும் அதன்பிறகு அம்மாவின் காதுக்கு எட்டவில்லை. அப்பாவின் பொறுப்பில் தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் வந்தன. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை, அவரையே திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார்கள். சமையல் என் பங்கு. தாளிக்கும் வாசனையே குமட்டலைத் தூண்டக்கூடும் என்பதால் அம்மா தூங்கும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பது, சூடான குழம்பு பிடிக்காத நாட்களில் புதிதாகக் குழைய வடித்த சோற்றை ஆறவைத்து மோர் விட்டுப் பிசைந்து கொடுப்பது, நாக்கில் இரும்பைச் சுவைத்தது போல இருக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டியை மாற்றிப் பார்ப்பது என்று அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் வீட்டில் செய்யக்கூடியதாக இருந்தது.

வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கமும் பெரிய உதவி. அம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட சிவப்பு மருந்தான டாக்சோரூபிசின் ஏறிய பிறகு ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவந்து போகலாம் என்று அறிந்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. முடி முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரங்களில் கொட்டத் தொடங்கும் என்று சொன்னதால், அம்மா தானே முன்வந்து அதைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் மன உளைச்சலை 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் குறிக்கச் சொல்கிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் விரிவாக விசாரிக்கிறார்கள். உலகெங்கும் புற்றுநோய் மருத்துவமனைகளில் புழங்கும் முறைதான் இது. ஆனால் இங்கே உடன் வருபவர்களுக்கும் அதே தாளைத் தருகிறார்கள். அம்மா 3 என்று எழுதிய அன்று அப்பா 7 என்று எழுதியிருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாத இந்தச் செய்திக்காகவே அவருக்குத் தனியாக நேரம் ஒதுக்கிப் பேசினார்கள். அதன்பின் அவர் மாலைகளில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு நடக்கப் போனார். அம்மாவை விட்டுவிட்டு நடைப்பயிற்சியா என்று முகம் சுளித்த சித்தியையும் அக்காவே சமாளித்தாள்.

இனிக் குறைகள். ஆலோசனை வார நாட்களில் முற்பகலில் மட்டுமே நடக்கிறது. அலுவலகம் செல்பவர்கள் விடுப்பு எடுக்காமல் கலந்துகொள்ள வழியில்லை. அறை என்பது ஒரு திரைச்சீலைத் தடுப்புதான், அடுத்த குடும்பத்தின் அழுகை அப்படியே கேட்கிறது. கீமோ ஏறும் கூடத்தில் ஓர் அட்டெண்டருக்கு மேல் அனுமதி இல்லை என்பது தொற்றுக்கு அஞ்சிய விதி என்றால் அதை ஏற்கலாம், ஆனால் மற்றவர்கள் நாள் முழுவதும் காத்திருக்கும் நடைபாதையில் போதிய நாற்காலிகளாவது போட்டிருக்கலாம். உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்த நகரம் இது. உடன் வருபவரின் நிலையை யாரும் இங்கே புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் ஆலோசகர் மாறியதும் எங்களுக்குச் சற்றுப் பின்னடைவு. புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததில் அம்மா சலித்துப்போனார்.

இதற்கெனத் தனிக்கட்டணம் எதுவும் வாங்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைப்பதால், அதற்கான விண்ணப்ப விவரங்களையும் இதே பிரிவின் சமூகப் பணியாளர் கேட்பவர்களுக்கு விளக்குகிறார்.

சேவையை யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். எங்களுக்கே ஒரு செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது. எந்த மருத்துவமனையில் கீமோவுக்குப் பதிவு செய்தாலும், குடும்பத்தாரோடு சேர்ந்து பேசும் ஆலோசகர் இருக்கிறாரா, முதல் கீமோவுக்கு முன்பே அவரைப் பார்க்க முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.