மூத்த அணியா, இளம் அணியா?

ஆஸ்திரேலியக் கால்பந்தில் (ஒரு கோலுக்கு ஆறு புள்ளி தரும், கையாலும் ஆடும் ஆட்டம்) அனுபவமே கோப்பை தரும் என்பவர்கள் 2022-இன் ஜீலாங் அணியைக் காட்டுவார்கள். இளமைதான் என்பவர்கள் 2016-இன் வெஸ்டர்ன் புல்டாக்ஸை. மெல்பர்ன் இறுதிப்போட்டியில் இரண்டும் வீழ்த்தியது ஒரே அணியை: சிட்னி.

ஜீலாங்கின் சராசரி வயது 28-ஐத் தாண்டியிருந்தது. கேப்டன் ஜோயல் செல்வுட்டுக்கு 34; அது அவருடைய 355-ஆவது, கடைசி ஆட்டம். ஆட்டநாயகன் ஐசக் ஸ்மித்துக்கு 33. இந்தக் கால்கள் தாங்குமா என்ற கேள்விக்கு முதல் கால்பகுதியிலேயே பதில் கிடைத்தது. 81 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி!

புல்டாக்ஸ் லீக் பட்டியலின் ஏழாம் இடத்திலிருந்து எழுந்து, 62 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தொட்டது. வித்தியாசம் 22 புள்ளிகள். ஆனாலும் அதை வெறும் இளம் அணி என்று நான் ஏற்கமாட்டேன். கடைசிக் கால்பகுதியை நினைத்துப் பாருங்கள். சிட்னியின் லான்ஸ் ஃபிராங்க்ளினை மடக்கிப் பிடித்து, பந்தை நழுவவைத்தவர் 33 வயது டேல் மோரிஸ். சிதறிய பந்தை எடுத்து வெகுதொலைவிலிருந்து கோலுக்குள் உதைத்தவர் 21 வயது டாம் பாய்டு. மோரிஸ் இல்லாமல் அந்த கோல் இல்லை.

இளமை மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு: பதின்ம வயதினரை நிறைத்து 2012-இல் களமிறங்கிய புதிய அணியான கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அந்த ஆண்டு வென்றது 2 ஆட்டங்கள்தான்.

இளமை என்றால் நீண்ட ஆட்சி என்பதும் பொய்த்தது. புல்டாக்ஸ் அடுத்த இரண்டு ஆண்டுகளும் இறுதிச்சுற்றுகளுக்கே வரவில்லை. ஜீலாங்கும் 2023-இல் சறுக்கியது. ஆனால் 2025-இல் மீண்டும் இறுதிப்போட்டியில் நின்றது.